6/6 பார்வையும் அக்காவோட கண் பிரஷரும்

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்னு வழக்கமா சொல்ற சாக்கு இந்த முறை பாதிதான் உண்மை. மீதிப் பாதிதான் இந்தப் பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். நீளமும் ஜாஸ்தி. ஒரு டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

புதுசா வந்தவங்களுக்காக: படிச்சது ஈ.சி.இ., பிழைப்பு பொட்டி தட்டுறது. ஆனா கண்ணாடிக் கட்டடம், ஏ.சி. கேப் எல்லாம் கிடையாது. ஒரகடத்துல ஒரு தொழிற்சாலைக்குள்ளயே உட்கார்ந்து, லைன்ல ஓடுற ஒவ்வொரு பாகமும் எந்த ஸ்டேஷன்ல எந்த டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னு கணக்கு வைக்கிற மென்பொருள் எழுதுறேன். என் அக்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேற ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில குவாலிட்டி செக்ஷன்ல இருக்கா. வயசு 34. பூதக்கண்ணாடி வழியா போர்டைப் பார்த்து "இந்த சால்டர் சரியில்ல"ன்னு ஒதுக்கி வைக்கிற வேலை. வீட்லயும் அதே கண்ணுதான். சட்டையில பட்டன் லூசா இருந்தா எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சிடும்.

அந்தக் கண்ணைப் பத்திதான் சொல்ல வந்தேன். அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். "பேரு போடாதடா, மத்ததெல்லாம் எழுது, நாலு பேருக்கு ஆகும்"னா.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி அக்கா திடீர்னு இளைக்க ஆரம்பிச்சா. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை. நைட் ஷிஃப்ட்னாலன்னு நினைச்சோம். ரத்தம் டெஸ்ட் பண்ணினா தைராய்டு அதிகமா சுரக்குது. கிரேவ்ஸ் நோய்னாங்க. மாத்திரை ஆரம்பிச்சு ஆறேழு மாசத்துல ரிப்போர்ட்ல நம்பர் எல்லாம் சரியாயிடுச்சு. அம்மா திருப்பதிக்கு முடிஞ்சு வெச்ச காசைக்கூட எடுத்தாச்சு.

அதுக்கு நடுவுலயே கண்ணு மாற ஆரம்பிச்சிருந்தது. மேல் இமை ஏறிப் போய், எப்பவும் யாரையோ முறைக்கிற மாதிரி. காலையில எழுந்தா சிவந்து, தண்ணி வழிஞ்சு, மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல். பஸ்ல கூட வர்ற பொண்ணுங்க "என்னக்கா முட்டைக் கண்ணு"ன்னு கிண்டல் பண்ணாங்களாம். பக்கத்துல ஒரு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ரெண்டே நாள்ல சிவப்பு போயிடுச்சு. அவர் எழுதினது பத்து நாளைக்கு. மறுபடி சிவந்தப்போ அக்கா என்ன செஞ்சா? நாம எல்லாரும் செய்யறதைத்தான். காலி பாட்டிலை மெடிக்கல் ஷாப்ல காட்டி "இதே ஒண்ணு கொடுங்க". இப்படியே எட்டு மாசம். அந்தச் சொட்டு மருந்துல இருந்தது ஸ்டீராய்டு. இது எங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் தோணலை. கூகுள் பண்ணாம ஒரு எரர் மெசேஜைக்கூட விடாத நான், வீட்ல ஃபிரிட்ஜ் கதவுல எட்டு மாசமா இருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்க்கலை.

நடுவுல அவ கம்பெனியில வருடாந்திர மருத்துவ முகாம் வந்தது. எடை, பி.பி., ரத்தம், அப்புறம் சுவத்துல எழுத்துப் பலகை. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சுட்டா. அட்டையில "6/6, ஃபிட்"னு சீல். வீட்ல வந்து பெருமையா காட்டினா.

மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் ஷாப் ஃப்ளோர்ல இடது பக்கம் வந்த டிராலி மேல போய் மோதிக்கிட்டா. அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்புல இறங்கி ரோட்டைத் தாண்டும்போது, இடது பக்கம் வந்த பைக் அவளுக்குத் தெரியவே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோவில் ரோடு தெரிஞ்சவங்களுக்கு, அங்க பைக்குக்குப் பின்னாடி என்ன வரும்னும் தெரியும். கன்டெய்னர் டிரெய்லர். அன்னிக்கு வந்தது பைக் மட்டும்தான். சாமி புண்ணியம்.

அப்புறம்தான் சென்னையில ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கண் பிரஷர் வலது 30, இடது 34. சாதாரணமா 10-லேர்ந்து 21-க்குள்ள இருக்கணும். இடது கண்ணோட பார்வை நரம்பு குழிஞ்சு போயிருந்தது. பொத்தானை அமுக்கி அமுக்கி எடுக்கிற ஃபீல்டு டெஸ்ட்ல ஓரத்துல ஒரு வளைவு கறுப்பா வந்தது. கிளாக்கோமா. தமிழ்ல கண் நீர் அழுத்த நோய்.

"போன பார்வை திரும்ப வருமா டாக்டர்?"னு கேட்டேன். "வராதுப்பா. இருக்கிறதைக் காப்பாத்தலாம்"னார். அக்கா அப்பவும் எதிர்ல இருந்த பலகையில கடைசி வரியைப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தா.

*

இனி நான் படிச்சு, டாக்டர்கிட்ட கேட்டுப் புரிஞ்சுக்கிட்டது. முடிஞ்ச வரைக்கும் எளிமையா சொல்றேன்.

கண்ணுக்குள்ள தெளிவான ஒரு நீர் சுரந்துக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். கருவிழி ஓரத்துல சல்லடை மாதிரி ஒரு திசு, அது வழியா ஒரு சின்னக் கால்வாய், அங்கேர்ந்து வெள்ளை விழி மேல இருக்கிற நரம்புகள்ல, அதாவது சிரைகள்ல போய்க் கலக்கும். வரவும் செலவும் சமமா இருந்தா பிரஷர் சரியா இருக்கும். வடியறது தடைபட்டா பிரஷர் ஏறும். ஏறின பிரஷர் பின்னாடி இருக்கிற பார்வை நரம்பை மெல்ல மெல்லக் கொல்லும். அந்த நரம்புல 10 லட்சத்துக்கு மேல இழைகள். பெரும்பாலும் ஓரப் பார்வைக்கானதுதான் முதல்ல போகும். வலி கிடையாது.

தைராய்டு கண் நோய்ல என்ன நடக்குதுன்னா, உடம்போட எதிர்ப்பு சக்தி தைராய்டைத் தாக்குற அதே வேகத்துல கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற கொழுப்பையும் தசைகளையும் தாக்குது. அதெல்லாம் வீங்குது. கண் உட்கார்ந்திருக்கிற எலும்புக் குழி மொத்தமே சுமார் 30 மில்லி. நாலு பக்கமும் எலும்பு. வீக்கம் எங்க போகும்? கண்ணை முன்னாடி தள்ளும். 1835-ல அயர்லாந்துல ராபர்ட் கிரேவ்ஸும், 1840-ல ஜெர்மனியில பாசெடோவும் இந்த நோயைப் பத்தி எழுதும்போதே பிதுங்கின கண்ணையும் குறிச்சு வெச்சிருக்காங்க.

சரி, இதுல பிரஷர் ஏன் ஏறணும்? மூணு வழி இருக்கு.

ஒண்ணு, பின்னாடி இருக்கிற வீக்கம் ரத்தம் திரும்பிப் போற சிரையை நெருக்குது. நம்ம ஊர்ல ஆத்துல தண்ணி ஏறிட்டா என்ன ஆகும்? தெருத் தண்ணி வடியாது, எதிர்த்து வரும். 2015 வெள்ளத்துல அடையாத்துக் கரையில வரதராஜபுரம் பட்ட பாடு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். கண்ணுக்குள்ளயும் அதே கதைதான்.

ரெண்டு, கண்ணைக் கீழ இழுக்கிற தசை வீங்கி விறைச்சுப் போயிடும். அப்ப மேல பார்க்க முயற்சி பண்ணினா அது கயிறு மாதிரி கண்ணை அழுத்தி, அந்த நேரத்துக்கு பிரஷர் எகிறும். 1953-லேயே பிரேலிங்கிற டாக்டர் இதை எழுதியிருக்கார். அதனால எந்தப் பார்வையில வெச்சு அளக்கிறாங்கங்கறது முக்கியம். அக்காவுக்கு நேரா பார்க்க வெச்சு, அப்புறம் தாடையைச் சரி பண்ணி லேசா கீழ பார்க்க வெச்சு, திரும்பத் திரும்ப அளந்தாங்க. அப்பவும் 30-க்குக் கீழ வரலை.

மூணு, ஸ்டீராய்டு. இது சல்லடையையே அடைச்சுடும். எல்லாருக்கும் இல்லை. ஏறத்தாழ மூணுல ஒருத்தருக்கு ஓரளவு ஏறும், நூத்துல அஞ்சாறு பேருக்கு ரொம்பவே ஏறும். சொட்டு மருந்தா போட்டாலும் சரி, மாத்திரையா எடுத்தாலும் சரி. வேடிக்கை என்னன்னா, தைராய்டு கண் நோய் தீவிரமா இருந்தா அதுக்கான முக்கிய மருந்தே ஸ்டீராய்டுதான். வாரம் ஒரு ஊசின்னு 12 வாரம் ஏத்துவாங்க. வீங்கின தசை பார்வை நரம்பையே நெரிக்கிற நிலைமைக்குப் போனா, அந்த நேரத்துல பார்வையைக் காப்பாத்துறதும் ஸ்டீராய்டுதான். அதனால இதைப் படிச்சுட்டு யாரும் டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டை நீங்களா நிறுத்திடாதீங்க. நான் திட்டுறது மருந்தை இல்லை. அளந்து பார்க்காம, காலி பாட்டிலைக் காட்டி வாங்குற பழக்கத்தை.

அக்காவுக்கு இந்த மூணுல முதல் ஆள் யாரு, கூட்டாளி யாருன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். ஸ்கேன்ல தசை வீக்கம் இருந்தது, நரம்பு நெரிபடலை. எட்டு மாச சொட்டு மருந்து பெரிய பங்கு வகிச்சிருக்கும்னார்.

*

இப்ப ஒரு நியாயமான கேள்வி வரும். "தைராய்டு வந்த எல்லாருக்கும் இப்படி ஆகுமா? பயமுறுத்தாதடா."

ஆகாது. தைராய்டு இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு கண் நோயே வராது. அமெரிக்காவுல 1997-ல ஒரு ஆய்வு வந்தது. தைராய்டு கண் நோய் இருக்கிற சுமார் 500 பேரைப் பார்த்ததுல நாலுல ஒருத்தருக்கு பிரஷர் அதிகம். ஆனா கிளாக்கோமா சேதம் வரைக்கும் போனவங்க நூத்துக்கு ரெண்டு பேர்தான். கண் நோய் எவ்வளவு காலம் தீவிரமா நீடிக்குதோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுதுன்னு முடிவு பண்ணாங்க.

ஆக பிரஷர் ஏறுறது சகஜம், நரம்பு கெடறது அபூர்வம். "அப்ப விட்டுடலாமே"ன்னு தோணும். எனக்கு இதுலேர்ந்து நேர் எதிரான முடிவுதான் வருது. அந்த நூத்துல ரெண்டு பேர் யாருன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணு ரொம்பப் பிதுங்கினவங்கதான்னு இல்லை. தைராய்டு ரிப்போர்ட் சரியா இருக்குன்னா தப்பிச்சோம்னும் இல்லை. ரத்தத்துல நம்பர் சரியான பிறகும் கண் நோய் தன் போக்குல போகும், சில பேருக்கு தைராய்டு கெடறதுக்கு முன்னாடியே கண்ணுல ஆரம்பிக்கும். அளந்தா மட்டும்தான் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. சரியா அளக்கலைன்னா இல்லாத கிளாக்கோமாவுக்கு ஆயுசு முழுக்க சொட்டு மருந்து போடுற ஆபத்தும் உண்டு. விறைச்ச தசையோட மேல பார்க்க வெச்சு எடுத்த ஒரே ஒரு ரீடிங்கை நம்பினா அதுதான் நடக்கும். அதனாலதான் பிரஷரோட பார்வை நரம்பையும் பார்க்கணும், ஃபீல்டும் எடுக்கணும். என் பாஷையில சொன்னா, ஒரே ஒரு லாக் லைனை வெச்சுக்கிட்டு பக் ரிப்போர்ட் போடக்கூடாது. லாக்கே இல்லாம "ஆல் பாஸ்" போடறது அதைவிட மோசம்.

*

இந்த "ஆல் பாஸ்" மேட்டர்தான் என் கோவமே.

சென்னை கிளாக்கோமா ஆய்வுன்னு ஒண்ணு சங்கர நேத்ராலயாக்காரங்க நடத்தினாங்க. அதோட கிராமப் பகுதி எது தெரியுமா? நம்ம காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்கள். 40 வயசு தாண்டின 3,900 பேருக்கு மேல பரிசோதிச்சு 2005-ல முடிவு வெளியிட்டாங்க. 1.62 சதவீதம் பேருக்குத் திறந்த கோண கிளாக்கோமா. அவங்கள்ல நூத்துக்கு 98 பேருக்கு மேல, தனக்கு நோய் இருக்குன்னே அதுவரைக்கும் தெரியாது. "கிராமம், வசதியில்லை"ன்னு சொல்லலாம். 2008-ல சென்னை நகரத்து முடிவு வந்தது: 3.51 சதவீதம். அங்கேயும் பத்துல ஒன்பது பேருக்கு மேல தெரியாது. அது தைராய்டுக்காரங்களை வெச்சுப் பண்ணின ஆய்வு இல்லை, பொது மக்கள். ஆனா இந்த நோய் எவ்வளவு அமைதியா உள்ள உட்கார்ந்திருக்கும்னு காட்ட இதைவிட என்ன வேணும்?

அந்த ஆய்வுக்குப் பிறகு இந்த மண்ணே மாறிப் போச்சு. ஏரிக்கரையும் வயலும் இருந்த இடத்துல சிப்காட். கார், டயர், செல்போன், பைக். வெளியூர்லேர்ந்து வந்து ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கிற பொண்ணுங்க ஆயிரக்கணக்குல. கிரேவ்ஸ் நோய் ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்குப் பல மடங்கு அதிகம், அதுவும் வேலைக்குப் போற வயசுல. கண்ணு சிவந்தா காரணம் ரெடியா இருக்கும்: நைட் ஷிஃப்ட், ஏ.சி., வெல்டிங், லாரி தூசி. யாரும் தைராய்டுன்னு யோசிக்க மாட்டாங்க. மெடிக்கல் ஷாப்பும் பக்கத்துலயே இருக்கு.

வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைப் பார்க்க ஒரு முகாம் வருதா, அதுல வைக்கிறது எழுத்துப் பலகை. அது நடுப் பார்வையை மட்டும்தான் சோதிக்கும். கிளாக்கோமா நடுப் பார்வையைக் கடைசி வரைக்கும் விட்டு வைக்கும். 6/6 பொய் இல்லை. நாம கேக்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான். தப்பான ஸ்டேஷன்ல பாஸ் ஆன பீஸுக்கு ஷிப்பிங் லேபிள் ஒட்டின மாதிரி. என் மென்பொருள்ல இப்படி ஒரு ஓட்டை இருந்தா கஸ்டமர் ஆடிட்ல கிழிச்சுத் தொங்க விட்டிருப்பான். மனுஷங்க கண்ணுக்கு ஆடிட் கிடையாது.

அப்ப எல்லாத் தொழிலாளிக்கும் கண் பிரஷர் பார்க்கணுமா? நான் அப்படிச் சொல்லலை. மொத்தக் கூட்டத்தையும் சலிச்சா செலவுக்கு ஏத்த பலன் கிடைக்குமாங்கறதுல டாக்டர்களுக்குள்ளயே ஒருமித்த கருத்து இல்லை. நான் கேக்கிறது ரொம்பச் சின்னது. முகாம் படிவத்துல "தைராய்டு உண்டா?"ன்னு ஏற்கெனவே ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் பண்ணினவங்க கிட்ட ரெண்டு கேள்வி: "கண்ணு மாறியிருக்கா? கண்ணுக்கோ உடம்புக்கோ ஸ்டீராய்டு எடுக்கறீங்களா?" ஆமான்னா கண் டாக்டருக்கு ஒரு சீட்டு. அவ்வளவுதான்.

இதையும் அக்காகிட்ட சொன்னேன். அவ ஒரு கேள்வி கேட்டா பாருங்க: "அந்தச் சீட்டை ஹெச்.ஆர். பார்த்தா?"

எனக்குப் பதில் வரலை. அவ பர்மனென்ட். பக்கத்து லைன்ல கான்ட்ராக்ட்ல இருக்கிற பொண்ணு "கண்ணுல கோளாறு"ன்னு எழுத்துல வந்தா அடுத்த மாசம் கேட்டுக்குள்ள விடுவாங்களா? அதனாலயே படிவத்துல தைராய்டுக் கட்டத்தை நிறைய பேர் காலியா விடறாங்களாம். மாத்திரையை ஹாஸ்டல் பெட்டியில வெச்சுட்டு வர்றாங்களாம். எழுத்துப் பலகையைக் குறை சொல்லி கோவமா எழுத ஆரம்பிச்ச எனக்கு, இந்த பயம்தான் அதைவிடப் பெரிய ஓட்டைன்னு அப்பதான் உறைச்சது. அதனால என் கோரிக்கையில இன்னொரு வரி: சீட்டு தொழிலாளி கைக்கு மட்டும் போகணும். கம்பெனிக்கு, அந்த வேலைக்குத் தகுதியா இல்லையாங்கற ஒரு வார்த்தைக்கு மேல எதுவும் போகக்கூடாது. உண்மையிலேயே ஓரப் பார்வை போயிருந்தா, ஃபோர்க்லிஃப்ட் ஓடாத இடத்துல வேலை மாத்திக் கொடுக்கறதுதான் தீர்வு. வேலையை விட்டு எடுக்கறது இல்லை. அக்காவுக்கு அப்படி மாத்திக் கொடுத்தாங்க. அவளுக்குக் கிடைச்சது கான்ட்ராக்ட் பொண்ணுக்குக் கிடைக்குமாங்கறதுதான் கேள்வி.

*

கம்பெனி மாறும்போது மாறட்டும். நாம இன்னிக்கே செய்யக்கூடியது சிலது இருக்கு.

வீட்ல யாருக்காவது தைராய்டு இருந்து, கண்ணு பெருசான மாதிரி, சிவந்த மாதிரி, ரெண்டு ரெண்டா தெரியற மாதிரி இருந்தா, டி.எஸ்.எச். டெஸ்ட்டோட நிறுத்தாதீங்க. கண் டாக்டர்கிட்ட போய் "தைராய்டு இருக்கு"ன்னு முதல் வரியிலேயே சொல்லுங்க. பிரஷர் பார்த்தீங்களா, நரம்பு பார்த்தீங்களான்னு கேளுங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. ஸ்டீராய்டு ஆரம்பிச்சா, அதுக்கு முன்னாடி ஒரு ரீடிங், நடுவுல ரீடிங். திடீர்னு நிறம் மங்கலா தெரிஞ்சா, பார்வை குறைஞ்சா, அன்னிக்கே ஓடுங்க. அது நரம்பு நெரிபடற அறிகுறியா இருக்கலாம். தம் அடிக்கிறவங்க இருந்தா நிறுத்தச் சொல்லுங்க, தைராய்டு கண் நோயைத் தூண்டிவிடறதுல புகைக்குத்தான் முதல் இடம்.

பணம் இல்லைங்கறது காரணமா இருக்க வேண்டாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லேர்ந்து இருக்கு. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தா அது வழியாவும் போகலாம். ஒரு நாள் லீவு, ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான். அந்த ஒரு நாள் லீவு எங்களுக்கு எட்டு மாசம் கிடைக்கலை.

அக்கா இப்ப ராத்திரி ஒரு சொட்டு போட்டுக்கறா. பிரஷர் 15-ல நிக்குது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். ரோட்டைத் தாண்டும்போது இடது பக்கம் என்னை நிக்கச் சொல்றா. போன வாரம் என் சட்டையைப் பார்த்து "ரெண்டாவது பட்டன் லூசா இருக்குடா"ன்னா. இருந்தது.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. இது வைத்தியக் குறிப்பு இல்லை. பார்த்ததும் படிச்சதும்தான். உங்க கண்ணுக்கு உங்க டாக்டர்தான்.

டிஸ்கி 2: சக பதிவர்கள்ல கண் டாக்டர் யாராவது இருந்தா, தப்பு இருக்கிற இடத்துல தயங்காம குட்டுங்க, திருத்திடறேன். உங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல பழைய சொட்டு மருந்து பாட்டில் இருந்தா, திருப்பிப் பார்த்துட்டு என்ன எழுதியிருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அடுத்த பதிவுல வெச்சுக்கலாம் :-)